இலந்தை இலையிலிருந்து சலவைத்தூள் வரை: தூய்மை செய்யும் கைகளின் வரலாறு

அல்லாஹ்வின் திருப்பெயரால்.



தூய்மையை ஈமானோடு பிணைத்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தொழுகைக்கு உடல், உடை, இடம் மூன்றும் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதை மக்தபில் அலிஃப் பா ஓதும் குழந்தையும் அறியும். ஆயினும் அந்த உடையைத் துவைப்பவர் யார், அந்தத் தரையைத் துடைப்பவர் யார், அவருடைய கைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று நாம் கேட்பது அரிது.

மதரஸாவில் பாடம் நடத்துவோரிடம் வீட்டுப் பெண்கள் பிள்ளைகள் வழியாகவும் கணவர் வழியாகவும் கேள்விகளை அனுப்புவது வழக்கம். மதுரை நகரிலிருந்தும் மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் அண்மை ஆண்டுகளில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. “ஹஜ்ரத், சலவைத்தூள் பட்டால் விரலிடுக்கு வெடித்துப் புண்ணாகிறது. உளூச் செய்யும்போது எரிகிறது. என்ன செய்வது?” இன்னொருவர் கேட்கிறார்: “கழிப்பறை கழுவும் ஆசிட் நெடியில் மூச்சு அடைக்கிறது. வீட்டிலோ, வேலைக்குச் சாக்குச் சொல்கிறாள் என்கிறார்கள்.” முதல் கேள்விக்கு ஃபிக்ஹில் விடை உண்டு. இரண்டாவது கேள்விக்கு விடை காண வரலாற்றையும் சற்றுப் புரட்ட வேண்டும். தூய்மை என்னும் கடமை அன்றும் இன்றும் ஒன்றே. அதற்குப் பயன்படும் பொருள்களோ காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. இந்த வேறுபாட்டை உணர்ந்த குடும்பத்தில் ஒவ்வாமை உள்ள பெண்ணின் மீது பழி விழாது.

சமவெளி தந்த பொருள்கள்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் நம் பாட்டிமார் காலம் வரை தூய்மைப் பொருள்கள் பெரும்பாலும் மண்ணிலிருந்தும் மரத்திலிருந்தும் அடுப்பிலிருந்தும் வந்தன. கோடையில் தரிசு நிலத்தின் மேல் வெண்மையாகப் பூக்கும் உவர்மண் துணி வெளுக்கப் பயன்பட்டது. வண்ணார் பெருமக்கள் அம்மண் கரைத்த நீரில் துணியை ஊறவைத்து, தாழியில் அடுக்கி வெள்ளாவி வைத்து, ஆற்றிலும் கண்மாயிலும் அடித்துத் துவைத்தனர். தலைக்கும் உடலுக்கும் சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு ஆகியவை. அரப்பு என்பது உசில மரத்து இலையின் பொடி. அம்மரத்தின் பெயரைத் தாங்கிய உசிலம்பட்டி மதுரைக்கு மேற்கே இன்றும் இருக்கிறது. பித்தளை தேக்சாவுக்கும் விருந்து ஸஹனுக்கும் புளி, அடுப்புச் சாம்பல், தேங்காய் நார்.

நம் சமுதாயத்துக்குச் சிறப்பாக உரிய பொருள் ஒன்றும் இவற்றோடு உண்டு. அது இலந்தை இலை. நபி (ஸல்) அவர்களின் மகளார் மறைந்தபோது, நீராலும் ஸித்ர் இலையாலும் குளிப்பாட்டி, இறுதியில் கற்பூரம் சேர்க்குமாறு அவர்கள் பணித்ததை உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி இடம்பெறுகிறது. அரபு நாட்டு ஸித்ரும் நம் ஊர் இலந்தையும் ஒரே இனத்து மரங்கள். அதனால்தான் நம் ஊர்களில் மய்யித்தைக் குளிப்பாட்ட இலந்தை இலையைத் தேடுகிறோம். அதைக் கசக்கினால் நுரை வரும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் அழுக்கை நீக்குகின்ற அதே வகை நுரைப்பொருளே இலந்தையிலும் உள்ளது.

இப்படிச் சொல்லும்போது, பழைய பொருள்கள் எல்லாம் தீங்கற்றவை என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியன்று. ஈரச் சாம்பலிலிருந்து வடியும் நீர் கடுங்காரமானது. தோலின் எண்ணெய்ப் பசையை உரித்தெடுக்கும். உவர்மண் நீரும் அத்தகையதே. பூந்திக்கொட்டைச் சாறு கண்ணில் பட்டால் எரியும். சீயக்காய்ப் பொடி மூக்கில் ஏறினால் அடுக்குத் தும்மல் வரும். வெள்ளாவித் துறைகளில் நாள் முழுதும் கார நீரில் நின்று உழைத்த கைகளையும் கால்களையும் பற்றிக் கேட்டறிந்தோர் அன்று சிலரே. துன்பம் அன்றும் இருந்தது. நம் வீட்டுக்கு வெளியே, பிறர் கைகளில் இருந்ததால் அது நம் கண்ணில் படவில்லை.

சாம்பலிலிருந்து சவுக்காரம்

காரம் என்ற பொருளின் வரலாற்றில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உலக மொழிகள் பலவற்றில் வழங்கும் ‘ஆல்கலி’ என்ற சொல் அரபியின் ‘அல்-கலி’யிலிருந்து பிறந்தது. உவர் நிலத்துச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பலுக்கே அரபியர் அப்பெயரிட்டனர். நம் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரைகளில் வளரும் உமரியும் அந்தக் குடும்பத்துச் செடிதான். அந்தச் சாம்பற்காரத்தோடு ஆலிவ் எண்ணெயைக் காய்ச்சி, சிரியாவின் ஹலபிலும் பாலஸ்தீனத்தின் நாப்லுஸிலும் கட்டிச் சவுக்காரம் செய்தனர். அரபியில் அதற்கு ‘ஸாபூன்’ என்று பெயர். நம் தமிழ்ச் சொல்லான சவர்க்காரமும் பொருளைத் தெளிவாகவே காட்டுகிறது; சவர் என்றால் உவர்ப்பு, அதனோடு காரம்.

இவ்விடத்தில் ஓர் அறிஞரை நினைவுகூர்வது பொருத்தம். ரய் நகரில் பிறந்து பக்தாதின் மருத்துவமனையில் பணிபுரிந்த அபூபக்ர் அர்-ராஸி, கிபி 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பெரும் மருத்துவர். அவர் காலத்தில் அபூஸைத் அல்-பல்கி என்ற அறிஞருக்கு, வசந்த காலத்தில் ரோஜா மலரை முகர்ந்தால் மூக்கு ஒழுகி நீர்க்கோப்புப் பிடிக்கும். அர்-ராஸி அதை மனப்பிரமை என்று தள்ளிவிடவில்லை. அதன் காரணத்தை ஆராய்ந்து தனிச் சிற்றேடே எழுதினார். எல்லோரும் விரும்பும் ரோஜா ஒருவருக்கு மட்டும் நோய் தரும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் மருத்துவர் மெய்யென ஏற்று எழுதியிருக்கிறார். “எங்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே, உனக்கு மட்டும் ஏன்?” என்று வீட்டில் கேட்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஆற்றங்கரையிலிருந்து அடுப்படிக்கு

இந்தியாவுக்குப் புதுவகைச் சோப்பு கடல் வழியாக வந்தது. 1888இல் கல்கத்தாத் துறைமுகத்தில் இங்கிலாந்தின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் இறங்கின. அடுத்த அரை நூற்றாண்டில் கட்டிச் சோப்பு ஊர்தோறும் பரவியது. ஆனால் நம் சமவெளியில் அதற்கு ஓர் இடையூறு இருந்தது. இங்குள்ள பல கிணறுகளின் நீர் உப்பு நீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் நுரைக்குப் பதிலாகப் பிசுபிசுத்த திரையே வரும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று நம் பெண்கள் சொல்வதன் காரணம் இதுவே.

1959ஆம் ஆண்டு நம் பகுதிக்கு இரு வகையில் குறிப்பிடத்தக்கது. வைகை அணை திறக்கப்பட்டது அந்த ஆண்டில்; சர்ஃப் என்ற சலவைத்தூள் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில். சலவைத்தூள் சோப்பு அன்று. எண்ணெயையும் காரத்தையும் காய்ச்சாமல் வேதிமுறையில் ஆக்கப்பட்ட அது, உப்பு நீரிலும் நுரைத்தது. 1969இல் குஜராத்தின் கர்சன்பாய் பட்டேல் நிர்மா தூளை மிகக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கியபின், எளிய குடும்பங்களுக்கும் அவ்வகைத் தூள் எட்டும் பொருளாயிற்று.

இந்த மாற்றத்தின் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் அதனோடு மற்றொன்றும் நிகழ்ந்தது. ஆற்றங்கரையில் நடந்த சலவை வீட்டுக் குளியலறைக்கு வந்தது. குடும்பத்தின் எல்லார் துணியும் ஒரு பெண்ணின் கைக்கு வந்தது. பின்னர்ப் பாத்திரம் துலக்கும் சோப்பு, தரை துடைக்கும் திரவம், கழிப்பறை ஆசிட், பிளீச்சிங் பவுடர் எனப் பொருள்கள் பெருகின. முன்பு பலருடைய கைகள் பகிர்ந்துகொண்ட காரம் முழுவதையும் இன்று இரண்டு கைகள் தாங்குகின்றன. கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில் இது உச்சத்தை அடைந்தது. தெருவெங்கும் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. வீட்டுக்குள்ளும் கைப்பிடி முதல் காய்கறி வரை கழுவிக் கழுவிக் கைகள் உரிந்தன.

மருத்துவம் கண்டறிந்தவை

உழைப்பாளியின் உடலைத் தனியே நோக்கும் வழக்கத்துக்கு வித்திட்டவர்களுள் இத்தாலியின் பெர்னார்தினோ ரமஸ்ஸினி குறிப்பிடத்தக்கவர். தொழிலாளர் நோய்கள் குறித்து 1700இல் அவர் வெளியிட்ட நூலில் சலவைப் பெண்களுக்கென ஓர் இயலை ஒதுக்கினார். நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலையும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியவரும் அவரே. ஒவ்வாமையைக் குறிக்கும் ‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906இல் வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே உருவாக்கினார்.

இன்று மருத்துவர்கள் இரு நிலைகளைப் பிரித்துச் சொல்கிறார்கள். ஒன்று உறுத்தல். காரமும் அமிலமும் சலவைத்தூளும் தோலின் எண்ணெய்ப் பசையை நீக்கிப் புண்ணாக்குவது இது. போதிய நேரம் பட்டால் யார் கையும் வெடிக்கும். மற்றொன்று ஒவ்வாமை. உடலின் காப்பு ஆற்றல் ஒரு குறிப்பிட்ட பொருளைப் பகையென நினைவில் வைத்துக்கொள்வதால் வருவது இது. ஆண்டுக்கணக்கில் ஒத்துக்கொண்ட பொருள் திடீரென ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. அதன்பின் சிறு துளியே போதும். ஆகவே, “இத்தனை நாள் இதில்தானே துவைத்தாய்?” என்ற கேள்விக்கு மருத்துவத்தில் இடமில்லை.

சான்றுகள் சிலவற்றைக் காண்போம். கறை நீக்கும் நொதிகளைச் சலவைத்தூளில் சேர்க்கத் தொடங்கிய காலத்தில், பிரிட்டனின் ஆலைத் தொழிலாளர்கள் அத்தூளைச் சுவாசித்து மூச்சுக் கோளாறுக்கு ஆளானது 1969இல் மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. அதன்பின் நொதியைத் தூசியாகப் பறக்காத மணிகளாக்கும் முறை வந்தது. திரவச் சோப்புகள் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பொருளை, அந்த ஆண்டின் முதன்மை ஒவ்வாப் பொருளாக அமெரிக்கத் தோல் மருத்துவச் சங்கம் ஒன்று 2013இல் அறிவித்தது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6000க்கும் மேற்பட்டோரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலோ பணியிடத்திலோ துப்புரவு வேலை செய்த பெண்களின் நுரையீரல் ஆற்றல், அவ்வேலை செய்யாத பெண்களைவிட விரைவாகக் குறைந்திருந்தது. நெடியால் மூச்சு அடைக்கிறது என்று நம் வீட்டுப் பெண் சொல்வதை நம்புவதற்கு இவையே போதும்.

மார்க்கம் காட்டும் வழி

ஒத்துக்கொள்ளாத உடலை நம் மார்க்கம் எவ்வாறு நடத்தியது? ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது என்பதை யாவரும் அறிவோம். ஆயினும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) ஆகிய இருவருக்கும் உடலில் அரிப்பு ஏற்பட்டபோது, பட்டாடை அணிய நபி (ஸல்) அவர்கள் சலுகை அளித்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தோலின் அரிப்புக்காக ஒரு விலக்கே தளர்த்தப்பட்டது. அப்படியிருக்க, ஒரு கடைப்பொருளை மாற்றிக்கொள்ளவோ ஒரு வேலையைக் கைமாற்றிக்கொள்ளவோ நாம் தயங்குவது எதற்காக?

அபூதாவூதில் இடம்பெறும் மற்றொரு நிகழ்ச்சி எச்சரிக்கை தருவது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானபோது, தயம்முமுக்குச் சலுகை இல்லை என்று உடனிருந்தோர் கூறிவிட்டனர். அவர் குளித்து இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாதபோது கேட்டறிந்திருக்கக் கூடாதா என்று வினவினார்கள். நோயாளியின் சொல்லைப் புறக்கணித்துக் கண்டிப்புக் காட்டுவது பேணுதல் ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

தூய்மைக்கு மார்க்கம் வைத்த அளவுகோலையும் கவனியுங்கள். அசுத்தத்தை நீக்கத் தூய நீரே அடிப்படை, சோப்பு துணைதான். ஆடையில் பட்ட மாதவிடாய்க் கறை குறித்துக் கௌலா பின்த் யஸார் (ரலி) அவர்கள் கேட்டபோது, நீரால் கழுவுவதே போதும், பின்னும் எஞ்சும் சுவட்டால் தீங்கில்லை என்னும் கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். நுரை மிகுதியும் மூக்கைத் துளைக்கும் மணமும் விற்பவர்கள் கற்பித்த அளவுகோல்கள். மணமில்லாத சோப்பைச் சிறிதளவே பயன்படுத்தி நன்கு அலசிய துணியில் தொழுகை குறைவுபடாது.

இனி, வேலையைப் பகிர்வது. திரிகைக் கல்லைச் சுற்றி ஃபாத்திமா (ரலி) அவர்களின் கைகள் நொந்தன. அவர்கள் அதைத் தந்தையாரிடம் சொல்லச் சென்றார்கள். நபி (ஸல்) அவர்கள் இரவில் மகளின் இல்லம் வந்து அமர்ந்து, உறங்குமுன் ஓதும் தஸ்பீஹைக் கற்றுக்கொடுத்தார்கள். சுவனத்துப் பெண்களின் தலைவியே தம் கைவலியைச் சொன்னார்கள் என்றால், நம் வீட்டுப் பெண் சொல்வது எப்படிக் குறையாகும்? அந்தத் தந்தையோ தம் இல்லத்தில் குடும்பத்தாரின் வேலைகளில் பங்கெடுத்து, தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். கழிப்பறை கழுவுவதை ஆண் செய்தால் மதிப்புக் குறையும் என்ற எண்ணம் இந்த ஸுன்னத்தில் இல்லை.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை

முதலில், எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்பதை அறிய வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் குறித்து வைக்கலாம். தோல் மருத்துவர்கள் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து காரணத்தைக் கண்டறிவார்கள். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. மூச்சு இரைப்பு வருவோர் காலம் தாழ்த்தாமல் மருத்துவரைக் காண வேண்டும்.

அடுத்து, பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. அவை சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுக்காற்று வெளிப்படும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றை ஊற்றிய இடத்தை நன்கு நீர்விட்டுக் கழுவிய பின்னரே மற்றொன்றைத் தொட வேண்டும். சன்னலும் கதவும் திறந்திருக்க வேண்டும். பீய்ச்சித் தெளிப்பதைவிடத் துணியில் நனைத்துத் துடைப்பது மூச்சுக்கு நல்லது.

கையுறை அணிவோர் உள்ளே மெல்லிய பருத்தி உறை அணிந்தால் வியர்வை உறுத்தாது. இயற்கை ரப்பரே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. அவர்களுக்கு வினைல் உறை ஏற்றது. பாத்திரத்தை உணவு காயுமுன் வெந்நீரில் ஊறவைத்தால் சோப்பின் தேவை பாதியாகும். வேலை முடிந்ததும் கையை அலசி, ஈரத்தை ஒற்றி எடுத்து, வாசனையற்ற களிம்பைத் தடவுவது நலம். சீயக்காய், எலுமிச்சை, மஞ்சள் போன்ற இயற்கைப் பொருள்களும் சிலருக்கு ஒவ்வாமை தருவதால் அவற்றையும் சிறிதளவு சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

உளூவைப் பொறுத்தவரை, களிம்பின் பசை மட்டும் எஞ்சி நீர் தோலை அடையுமானால் தடையில்லை. நீர் புகாத கனத்த படலமாயின் அதை நீக்க வேண்டும். கையுறையின் மேல் மஸஹ் செய்வது போதாது. புண்ணில் நீர் படக்கூடாது என்று மருத்துவர் தடுத்தால் மஸஹ், தயம்மும் ஆகிய சலுகைகள் உண்டு. அவற்றின் விவரங்களில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே வேறுபாடு இருப்பதால், தத்தம் ஊர் ஆலிமிடம் நேரில் கேட்டுத் தெளிவது முறை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்தார் ஒருநாள் அமர்ந்து வேலைகளைப் பிரித்துக்கொள்ளட்டும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் தொடும் வேலையை ஒவ்வாமை இல்லாத ஒருவர் ஏற்கட்டும்; அவர் கணவராயினும் வளர்ந்த மகனாயினும் சரி. துணி மடிப்பது, காய் நறுக்குவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது போன்றவற்றை ஒவ்வாமை உள்ளவர் ஏற்கலாம். வீட்டு வேலைக்கு வரும் சகோதரியின் கைகளும் தோலால் ஆனவையே. அவருக்கும் கையுறை வாங்கித் தருவது நம் பொறுப்பு. நம் வீட்டுப் பெண்ணுக்கு ஒவ்வாததை அவர் தலையில் சுமத்திவிட்டு அமைதி அடைவது நீதியாகாது.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். உவர்மண் போய்ச் சோப்பு வந்தது. சோப்பு போய்ச் சலவைத்தூள் வந்தது. நாளை வேறொன்று வரும். அது எதுவாயினும், தூய்மைக்காக உழைக்கும் கைகள் புண்படாமல் காப்பது அந்தத் தூய்மையை அனுபவிக்கும் எல்லோர் மீதும் கடமையாகும்.

நம் இல்லங்களைத் தூய்மையாலும் இரக்கத்தாலும் நிரப்பி, நோயுற்றோருக்கு நிறைந்த ஷிஃபாவை வழங்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.